உறையாத குழி

அத்தியாயம் பதினான்கு

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஹால்வர் சொன்ன ஒரே ஒரு வாக்கியம், அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் யாரையும் சரியாகத் தூங்கவிடவில்லை.

“நான் ஒரு மீன் குடில் வாங்கப்போறேன். சக்கரம் வெச்சது.”

ஏரி உறைந்ததும் ஐஸைத் துளைத்துத் தூண்டில் போட அதன்மேல் நிறுத்தும் குடில் அது. சொன்னவரோ மூன்று குளிர்காலமாக ஏரிப் பக்கமே திரும்பாத மனிதர். கடைக்குப் போவதென்றால்கூட, தண்ணீர் கண்ணில் படாத சுற்றுவழியில்தான் வண்டியை ஓட்டுவார்.

அவருடைய மகன் நெல்ஸ், “பக்கத்துக் குழியைப் பார்த்துட்டு ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு மூடுபனிக்குள் போனவன். உறைந்த ஏரியின் மேல் நடந்து போனான், திரும்பவில்லை. நாய்கள் வந்தன, முக்குளிப்பவர்கள் வந்தார்கள், ஹெலிகாப்டர் வந்தது. ஒரு கையுறைகூடக் கிடைக்கவில்லை. பனி உருகியதும் ஹால்வர் தன் பழைய மரக்குடிலைக் கோடரியால் பிளந்து, வீட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்.

நெல்ஸின் மனைவி டெலியா இன்னும் அதே வீட்டில், அதே மாடியறையில் இருக்கிறாள். அவளை மனைவி என்பதா, விதவை என்பதா என்று ரோஸ்மோ ஊர் இன்னும் முடிவு செய்யவில்லை. டுலூத் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருப்பதும், மாதக் கடைசியில் அவள் கிளம்பப்போவதும் நாத்தனார் மாரெனுக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை மூவரும் ஒரே பிக்கப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஓட்டியவள் மாரென். வாரம் முழுக்க அரசாங்கத்தின் பனி அள்ளும் லாரியை ஓட்டுகிறவளுக்குச் சாலையின் ஒவ்வொரு வழுக்கலும் அத்துப்படி.

“மாமா, எதுக்கு சக்கரம் வெச்சது?” நடுவில் உட்கார்ந்திருந்த டெலியா மெதுவாகக் கேட்டாள்.

“பழசு ஒரே இடத்துல குந்திக்கிட்டு இருக்கும். இதுன்னா இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்க. வண்டியில மாட்டி ஏரி பூரா இழுத்துக்கிட்டுப் போகலாம்.”

“மீன் இருக்கற இடத்துக்கா?”

ஹால்வர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டெலியாவின் முழங்கை மாரெனின் விலாவில் ஒருமுறை இடித்தது. அவர் தேடப்போவது மீனை இல்லை என்பது இருவருக்குமே அப்போது புரிந்துவிட்டது.

நெடுஞ்சாலை ஓரத்து விற்பனை முற்றத்தில் குடில்கள் வரிசையாக நின்றன. வெள்ளை, சாம்பல், பச்சை. ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவு. தரையில், தூண்டில் இறக்கும் குழிகளுக்கு வட்ட மூடிகள். கைப்பிடியைச் சுற்றினால் சக்கரங்கள் மேலே ஏறிக்கொள்ளும், குடில் அப்படியே ஐஸ் மேல் உட்கார்ந்துவிடும்.

விற்பனையாளன் லைல் ஓடிவந்தான். சிவந்த மூக்கு, ஓயாத வாய்.

“அண்ணே, வாங்க வாங்க! இதைப் பாருங்க. ரெண்டு படுக்கை, அடுப்பு, டிவி மாட்ட இடம். வீட்டுல சண்டைன்னா இதுலயே குடித்தனம் பண்ணலாம்!”

“இந்த வெல்டிங்கைப் பார்த்தா சண்டை இங்கயே ஆரம்பிச்சுடும் போலிருக்கே” என்றாள் மாரென். அவள் ஏற்கெனவே மல்லாந்து படுத்து, சட்டத்துக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். “ஏன் லைல், இந்த இரும்பு இப்பவே துருப்பிடிக்குதே. அலுமினியம் சட்டம் வெச்சது இல்லையா?”

“அது கொஞ்சம் விலை கூட, தங்கச்சி.”

“தண்ணிக்குள்ள போனா அதைவிடக் கூட ஆகும்.”

டெலியா பக்கத்திலிருந்த குடிலுக்குள் ஏறி, குழி மூடிகளைச் சுற்றித் தரைப்பலகை ஊறியிருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். சிறுசாக இருந்தது, இரண்டே குழி, சுவரில் மஞ்சள் கோடு. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று கோபமும் வந்தது.

ஹால்வர் எதையும் தட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு குடிலாக ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்தார்.

மஞ்சள் கோட்டுக் குடிலுக்கு அவர் வந்தபோது டெலியா உள்ளேயே இருந்தாள். அவர் உதட்டில் விரல் வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து, குழியின் மூடியைத் தூக்கினார். கீழே முற்றத்துச் சரளைக்கல்லும் ஒரு சிகரெட் துண்டும் தெரிந்தன. அதன் மேல் காதைச் சாய்த்துக்கொண்டு அவர் அசையாமல் இருந்தார். அவருடைய மூச்சு மட்டும் வெள்ளையாகக் குழிக்குள் இறங்கியது.

டெலியா அவர் பக்கத்தில் குனிந்தாள்.

“என்ன மாமா கேக்குது?”

“ஒண்ணும் கேக்கல.” மூடியைத் திரும்ப வைத்தார். “எதுலயும் ஒண்ணும் கேக்கல.”

வெளியே வந்து கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார். தூண்டில் கடை விளம்பரப் பலகையிலிருந்து கிழித்தது. லைல் அதை எட்டிப் பார்த்தான். அவன் வாய் அன்று முதன்முறையாக ஓய்ந்தது.

“வெர்னா பிரெக்கோட குடிலா? வேணாம் அண்ணே.”

“ஏன்? உன் வியாபாரம் போயிடும்னா?”

“வியாபாரம் கிடக்கட்டும். அதை என்கிட்டதான் முதல்ல விக்க வந்தாங்க. போய்ப் பார்த்தேன்.” லைல் தொப்பியைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். “பார்த்துட்டு வந்துட்டேன். அவ்வளவுதான். மஞ்சள் கோடு போட்டதை உங்களுக்காக எடுத்து வெக்கறேன், சரியா?”

அக்னெட்டா ஏரியின் வடகரையில், வண்டிகள் ஐஸ் மேல் இறங்கும் சரிவுக்குப் பக்கத்தில் வெர்னாவின் வீடு. நெல்ஸ் காணாமல் போனது தென்கரையில். இங்கிருந்து கண்ணுக்கெட்டாத தூரம்.

வெர்னா எழுபது வயதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி. கணவர் போன கோடையில் வீட்டிலேயே, தூக்கத்திலேயே போய்விட்டார். குடிலை விற்றுவிட்டு அரிசோனாவில் தங்கையோடு போய் இருந்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். மூவருக்கும் காபி கொடுத்தாள். உட்காரச் சொன்னாள். பிறகு தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“பொய் சொல்லி விக்க எனக்கு வராது. குடில் நல்ல குடில். அலுமினியம் சட்டம், ஒழுகாத கூரை. என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து வெச்சிருந்தார். இந்த வருஷம் அக்கா மகன் கொண்டுபோய் ஐஸ்ல இறக்கி நாலு குழி போட்டான். மூணு குழி உறைஞ்சிடுச்சு. ஒண்ணு உறையல.”

“அடுப்பு எரியுதா?” என்றாள் மாரென்.

“சிலிண்டரையே கழட்டிக் கொண்டாந்துட்டேன்.”

“அப்போ கீழே ஊத்து இருக்கும்.”

“அப்படித்தான் நானும் நினைச்சேன். வேற இடத்துக்கு இழுத்துப் போடச் சொன்னேன். புதுசா நாலு குழி. அங்கயும் மூணு உறைஞ்சுது. ஒண்ணு உறையல.” வெர்னா சாவியை மேசையில் வைத்து அவர்கள் பக்கம் தள்ளினாள். “நான் வரல. நீங்களே போய்ப் பாருங்க.”

ஹால்வர் காபியைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்.

வெயில் என்று பெயருக்கு ஒன்று இருந்தது. ஏரிக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லை. எல்லாம் ஒரே பால் வெள்ளை. வண்டிக்கு அடியில் ஐஸ் அவ்வப்போது முனகியது. அது சாதாரணம்தான், ஜனவரியில் ஏரி முனகத்தான் செய்யும். ஆனால் அன்று மாரென் ரேடியோவை அணைத்துவிட்டாள்.

குடில் தனியாக நின்றது. மற்றவர்களின் குடில்களெல்லாம் ஊர் மாதிரி ஒரே இடத்தில் கூடி நிற்க, இதைச் சுற்றி மட்டும் யாரும் இல்லை. நேற்று விழுந்த பனியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

மாரென் பழக்கத்தில் சக்கரத்தையும் சட்டத்தையும் பார்த்தாள். ஒரு குறை சொல்ல முடியவில்லை. லைலின் முற்றத்தில் நின்ற எதையும்விட உறுதியானது. பூட்டைத் திறந்தாள்.

உள்ளே வெளியைவிடக் குளிர். ஜன்னலில் உறைபனி பூப்பூவாகப் படர்ந்திருந்தது. அலமாரியிலிருந்த தண்ணீர் பாட்டில் கல்லாக உறைந்து வெடித்திருந்தது. ஹால்வர் ஒவ்வொரு மூடியாகத் தூக்கினார். கதவோரத்துக் குழி, கெட்டி வெள்ளை. அடுப்பருகே, கெட்டி. ஜன்னலுக்குக் கீழே, கெட்டி.

நாலாவது மூடிக்கு அடியில் கறுப்புத் தண்ணீர்.

அது அசைந்துகொண்டிருந்தது. மெதுவாக விளிம்புவரை ஏறியது, நின்றது, மெதுவாக இறங்கியது. மறுபடி ஏறியது. தூங்குகிறவனின் நெஞ்சு போல.

“ஐஸ் அசையுது, அதான்” என்றாள் மாரென். அவள் குரல் அவளுக்கே நம்பிக்கை தரவில்லை. “ஊத்துதான். ஊத்து இருந்தா அடியில ஐஸ் மெலிசா இருக்கும். ரெண்டு பேரும் வெளியே போங்க, நான் பார்க்கறேன்.”

யாரும் போகவில்லை. அவள் சுவரில் தொங்கிய நீளக் கொக்கியை எடுத்துக் குழிக்குள் விட்டாள். ஐஸின் அடிப்பாகத்தில் கொக்கி மாட்ட வேண்டும். அதிலிருந்து தடிமன் தெரியும். அக்குள்வரை கையை இறக்கிய பிறகுதான் மாட்டியது. கனத்த ஐஸ். லாரியே நிற்கலாம்.

தண்ணீரிலிருந்து கையை எடுத்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

“என்னடி?” என்றாள் டெலியா.

“தண்ணி சில்லுனு இல்ல அண்ணி.”

ஹால்வர் பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சர்ச்சில் உட்காருவது போல.

“டெலியா, நீ டுலூத் போறது எனக்குத் தெரியும்மா.”

டெலியா மாரெனைப் பார்த்தாள். மாரென் தலையை ஆட்டினாள், தான் சொல்லவில்லை என்று.

“அவ சொல்லல. மாடியில நீ பெட்டி இழுக்கற சத்தம் கீழ படுத்திருக்கறவனுக்குக் கேக்காதா? மூணு வருஷமா அந்தக் கூரையைத்தானே பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கேன்.”

“மாமா, நான் உங்ககிட்ட சொல்லணும்னுதான்...”

“போகாதேன்னு சொல்ல மாட்டேன். நீ போகணும். இந்த வயசுல ஒரு கிழவனுக்கு சூப் காய்ச்சிக் குடுத்துக்கிட்டு உட்காரக் கூடாது.” அவர் குழியைப் பார்த்தபடியே பேசினார். “ஆனா அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. ஒரு கல்லறை இருந்திருந்தா அங்க நின்னு சொல்லியிருப்பே. அதுகூட இல்லாம பண்ணிட்டுப் போயிட்டான் கழுதை. அதான் ஒரு இடம் தேடலாம்னு கிளம்பினேன். ஏரி பூரா இழுத்துக்கிட்டுப் போய் எங்கயாவது...” தொப்பியின் விளிம்பைத் திருகினார். “அவ்வளவு தூரம் அலைய வேண்டியிருக்கல.”

டெலியா நின்றாள். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது; இதெல்லாம் பைத்தியக்காரத்தனம், ஒரு குழியிடம் போய்ப் பேசுவதா என்று. ஆனாலும் தரையில் மண்டியிட்டாள்.

“உன் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிருக்கேன்” என்றாள் தண்ணீரைப் பார்த்து. “ஒவ்வொரு மாசமும் எடுத்து மறுபடி போடறேன். எதுக்குன்னு கேக்காதே. எனக்கே தெரியல.”

தண்ணீர் ஏறியது. இறங்கியது.

“ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டுப் போனே. உனக்கு எப்பவுமே நேரம் தெரியாது, நெல்ஸ். கல்யாணத்தன்னைக்கே உன் தங்கச்சிதான் உன்னை இழுத்துக்கிட்டு வந்தா.” மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “எனக்கு உன்மேல கோபம் இல்ல. இல்ல, இருக்கு. கொஞ்சம் இருக்கு. அதோடயே போறேன். நான் போறேன், நெல்ஸ். இனிமே உனக்காகக் காத்திருக்க மாட்டேன்.”

தண்ணீர் ஏறி, விளிம்பில் நின்றது.

இறங்கவில்லை.

மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பிலிருந்து ஊசி ஊசியாக வெள்ளைக் கோடுகள் கிளம்பின. ஒன்றையொன்று தொட்டன, பின்னின, நடுவை நோக்கி நெருங்கின. கறுப்பு வட்டம் ஒரு தட்டு அளவு ஆனது, ஒரு காசு அளவு ஆனது, மூடிக்கொண்டது. டெலியா கையை நீட்டித் தொட்டாள். கல்.

அப்போது ஏரி முழங்கியது. அவர்கள் காலுக்கு நேர் கீழே தொடங்கி, தெற்குப் பக்கமாக, நீண்டு, நீண்டு, தேய்ந்து போனது அந்தச் சத்தம்.

ஹால்வர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்திருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

“போதும்” என்றார். மருமகளைக் கைபிடித்து எழுப்பினார். “வா, போகலாம்.”

வெளியே வந்ததும் அவர் மூச்சை ஆழமாக இழுத்துவிட்டார். “லைல்கிட்ட இருக்கே, மஞ்சள் கோடு போட்ட சின்னது. அது போதும் எனக்கு. பெர்ச் மீன் நாலு பிடிச்சு வறுத்துத் தின்ன அதுக்கு மேல என்ன வேணும்?”

“தனியா போகக் கூடாது மாமா. யாரையாவது கூட்டிக்கிட்டுப் போகணும்” என்றாள் டெலியா.

“டுலூத்ல இருந்து நீ வா. வாரக் கடைசியில என்ன கிழிக்கப் போறே?”

டெலியா சிரித்துவிட்டாள். அழுகையும் அதோடு வந்தது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி வண்டியை நோக்கி நடந்தார்கள். மூன்று வருடத்தில் அவர்கள் இப்படி நடந்து மாரென் பார்த்ததில்லை.

“நீங்க ஏறுங்க. நான் பூட்டிட்டு வர்றேன்” என்றாள்.

கொக்கியை ஆணியில் மாட்டுவதற்காக மறுபடி உள்ளே போனாள். மூடிகளை ஒவ்வொன்றாக வைத்தாள். நாலாவது, பிறகு ஜன்னலுக்குக் கீழே இருந்தது, பிறகு அடுப்பருகே.

கதவோரத்துக் குழிக்கு வந்தாள். சற்று முன் அப்பா திறந்து காட்டிய, கெட்டி வெள்ளையாக இருந்த குழி.

அதில் கறுப்புத் தண்ணீர் நின்றது. மெதுவாக ஏறியது. மெதுவாக இறங்கியது.

மாரென் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஊற்று இப்படி இடம் மாறாது. எந்த ஊற்றும் மாறாது. வெளியே வண்டியில் அப்பா ஏதோ சொல்ல டெலியா சிரிப்பது கேட்டது. ரொம்ப தூரத்திலிருந்து கேட்பது போலிருந்தது.

“மாரென்.”

அவள் அண்ணனின் குரல். சளி பிடித்தது போல, ஈரமாக, கால் பாதத்துக்கு அருகிலிருந்து வந்தது.

அவள் குழியின் பக்கம் குனிந்தாள்.

“அப்பாகிட்ட சொல்லாதே.”

சின்ன வயதில் படகின் மோட்டாரை உடைத்தபோதும், ஸ்கூலிலிருந்து ஓடிப்போய்ப் பாலத்தடியில் உட்கார்ந்திருந்தபோதும் நெல்ஸ் அவள் காதில் சொல்லும் அதே இரண்டு வார்த்தைக் கெஞ்சல். அதே அவசரம். ஒவ்வொரு முறையும் அவள் அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறாள். டெலியா அவனுக்கு விடை கொடுத்துவிட்டாள், அப்பா போதும் என்று எழுந்துவிட்டார். மாரெனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் இதுவரை அவனுக்கு விடை கொடுக்கவில்லை.

மூடியை வைத்தாள். மிக மெதுவாக, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவது போல. பூட்டினாள்.

“என்னடி இவ்வளவு நேரம்?” என்றார் ஹால்வர்.

“பூட்டு உறைஞ்சு போச்சு.”

“உள்ள ஏதாவது கேட்டுச்சா?”

அவர் கண்ணில் பயம் இல்லை, ஆசையும் இல்லை. வெறும் விசாரிப்பு. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மாரென் வண்டியைக் கிளப்பினாள்.

“காத்துப்பா.”

கரையில் வெர்னா சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். ஹால்வர் கண்ணாடியை இறக்கி, கையெடுத்து மன்னிப்புக் கேட்பது போல் சொன்னார்: “நல்ல குடில் வெர்னா. எனக்குப் பெரிசு. சின்னதா ஒண்ணு போதும்.”

வெர்னா தலையாட்டினாள். அவள் இதை எதிர்பார்த்தவள்தான். தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

“சாவியைக் குடுத்துட்டு வந்துடறேன்” என்று மாரென் இறங்கினாள். வண்டியின் ஹீட்டர் சத்தத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் கேட்காத தூரம்வரை நடந்தாள். வெர்னா கையை நீட்டினாள்.

மாரென் சாவியைக் கொடுக்கவில்லை. விரல்கள் அதன்மேல் இறுகியிருந்தன.

“வெர்னாம்மா, இதை வேற யாருக்கும் காட்டாதீங்க. நான் எடுத்துக்கறேன்.”

“நீயா?” வெர்னா வண்டியைப் பார்த்தாள், பிறகு அவளை. “உங்கப்பாதானே இப்போ வேணாம்னு...”

“அப்பாவுக்குத் தெரிய வேணாம்” என்றாள் மாரென்.